பார்க்கின்சன் வந்த அப்பா நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறார்: உடற்பயிற்சி உதவுமா?

"66 வயதாகும் அப்பாவுக்குப் பார்க்கின்சன் வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. லெவோடோபா மாத்திரையில் கை நடுக்கம் ஓரளவு அடங்கியிருக்கிறது. ஆனால் நடை தளர்ந்துவிட்டது. அறை வாசலுக்குப் போனால் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. மூன்று மாதத்துக்கு முன்னால் குளியலறை வாசலில் விழுந்தும் விட்டார். அன்றிலிருந்து அவரை எழுந்திருக்க விடாமல் எல்லாவற்றையும் நாங்களே செய்து கொடுக்கிறோம். பேச்சையும் குறைத்துக்கொண்டார். உடற்பயிற்சி செய்யச் சொல்கிறார்கள். இந்த நிலையில் அது உதவுமா, ஆபத்தா? எதிலிருந்து தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் 'அம்மாவாலும் முடியவில்லை' என்று ஒரே ஒரு வரி. அதற்கும் வருகிறேன்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். உதவும். மாத்திரைக்கு அடுத்தபடியாக இந்த நோயில் நம் கையில் இருக்கும் பெரிய மருந்து உடலை அசைப்பதுதான். ஒருமுறை விழுந்தவரைப் பாதுகாப்பதாக நினைத்து உட்காரவைத்துவிட்டால், சில வாரங்களிலேயே தொடைத் தசை இளைக்கும். இடுப்பும் முழங்காலும் இறுகும். முதுகு இன்னும் கூனும். அப்புறம் எப்போதாவது அவசரத்துக்கு அவர் எழுவார் பாருங்கள், அந்த ஒரு தடவைதான் மறுபடி விழுகிற தடவை. நான் 18 ஆண்டுகளாக இயன்முறை சிகிச்சை செய்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் பார்க்கின்சன் உள்ளவர்கள். விழுந்த பயத்தில் உட்கார்ந்து, உட்கார்ந்த காரணத்தாலேயே திரும்ப விழுந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

என்ன பயிற்சி என்று சொல்வதற்கு முன்னால் ஒரு விஷயம் உங்களுக்குப் புரிய வேண்டும். அது புரிந்துவிட்டால் மீதிப் பாதியை நீங்களே கண்டுபிடித்துக்கொள்வீர்கள்.

முதல் நாள் வருகிறவரிடம் கோடு போடாத தாளைக் கொடுத்து, ஒரே வாக்கியத்தை நான்கு முறை எழுதச் சொல்வேன். முதல் வரி நன்றாகத்தான் இருக்கும். இரண்டாவது வரியில் எழுத்துகள் நெருங்கும். நான்காவது வரியின் கடைசியில் எறும்பு ஊர்ந்த மாதிரி, எழுதியவராலேயே படிக்க முடியாத அளவுக்குச் சிறுத்துப்போயிருக்கும். பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும்வரை அது சிறுத்தது அவருக்குத் தெரியவே தெரியாது. அதே தாளின் பின்பக்கம் இரட்டைக் கோடு போட்டு, "ஒவ்வொரு எழுத்தும் மேல் கோட்டைத் தொடணும், அது ஒண்ணு மட்டும் மனசில் வெச்சுக்குங்க" என்பேன். அதே கை, அதே பேனா. எழுத்து பெரிதாகிவிடும்.

பார்க்கின்சனின் சூட்சுமம் இந்தத் தாளின் இரண்டு பக்கங்களிலும் இருக்கிறது. நடுமூளையில் கருநிறப் பட்டையாகத் தெரியும் ஒரு சிறு பகுதியில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் இருக்கின்றன. அவை கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. முதல் அறிகுறி தெரிவதற்குள் அவற்றில் கணிசமான பங்கு போய்விட்டிருக்கும். நடக்கும்போது கை வீசுவது, கண் சிமிட்டுவது, எச்சில் விழுங்குவது என்று நாம் யோசிக்காமலே செய்யும் காரியங்களையெல்லாம் ஓட்டுவது அந்த டோபமினை நம்பியிருக்கும் பாதைதான். ஒவ்வொரு அசைவும் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்ற அளவுகோலும் அங்கேதான் இருக்கிறது. அது பழுதானதும் அடி சிறுக்கிறது, எழுத்து சிறுக்கிறது, குரல் சிறுக்கிறது, முகபாவமும் சிறுக்கிறது. ஆனால் கவனம் வைத்து, வேண்டுமென்றே ஓர் அசைவைச் செய்யும் பாதை வேறு. அது பெருமளவு நன்றாகவே இருக்கிறது. கோடு போட்டதும் எழுத்து பெரிதானது அந்த இன்னொரு பாதை வழியாகத்தான்.

1817-இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 6 பேரை வைத்து இந்த நோயை முதன்முதலாகத் தெளிவாக எழுதினார். அவர்களில் சிலரை அவர் தெருவில் கண்டுதான் கவனித்திருந்தார். 'நடுக்குவாதம்' என்று அவர் வைத்த பெயரால் இன்றுவரை எல்லோர் கண்ணும் நடுக்கத்தின் மேலேயே இருக்கிறது. கை நடுங்கினால் வீடே பதறுகிறது. நடை சுருங்குவதை 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடுகிறோம். ஒருவரை வீட்டுக்குள் முடக்கிப்போடுவது நடுக்கத்தைவிட இந்த மெதுவும் சுருக்கமும்தான்.

சுருங்குகிறது என்பது அவருக்கே தெரிவதில்லை என்று சொன்னேன் அல்லவா, அதை இன்னொரு விதத்திலும் பார்த்திருக்கிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் வந்தார். மேசைக்கு எதிரே இருந்த எனக்கே அவர் பேச்சு கேட்கவில்லை. கொஞ்சம் சத்தமாகப் பேசச் சொன்னேன். "இதுக்கு மேல கத்தினா மரியாதையா இருக்காதுங்க" என்றார். கைப்பேசியில் பதிவு செய்து அப்போதே போட்டுக் காட்டினேன். இரண்டு முறை கேட்டார். அப்புறம் மெதுவாக, "வீட்ல எல்லாருக்கும் காது மந்தமாயிடுச்சுன்னு நெனச்சேன்" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. உங்கள் அப்பா பேச்சைக் குறைத்துக்கொண்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். பேசப் பிடிக்காமல் குறைத்தாரா, பேசியது யாருக்கும் கேட்காமல் போனதால் குறைத்தாரா என்று பாருங்கள்.

அதனால் பயிற்சியின் முதல் விதி: பெரிதாக. எவ்வளவு பெரிதாக என்றால், அவருக்கே கூச்சமாக, மிகையாகத் தோன்றும் அளவுக்கு. அவருக்கு மிகையாகத் தெரிவது வெளியிலிருந்து பார்க்கும் நமக்குச் சாதாரணமாகத்தான் தெரியும். அதை அவரிடம் சொல்லுங்கள். வீடியோ எடுத்துக் காட்டுங்கள்.

நாற்காலியிலிருந்தே தொடங்கலாம். கைப்பிடியுள்ள, உருளாத, உறுதியான நாற்காலி. நுனிக்கு வந்து நிமிர்ந்து உட்கார்ந்து, குனிந்து இரண்டு கையாலும் தரையைத் தொட்டு, அப்படியே நிமிர்ந்து கைகளைக் கூரையை நோக்கி நீட்டி, பிறகு இரு பக்கமும் விரித்து, விரல்கள் பத்தும் அகலமாகப் பிரிந்திருக்க, உரத்த குரலில் பத்து வரை எண்ணச் சொல்லுங்கள். எண்ணுவதை விட்டுவிடாதீர்கள். குரலுக்கும் அதுவே பயிற்சி. அடுத்து, உட்கார்ந்தபடியே உடலை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி, பின்னால் இருக்கும் ஒரு பொருளைத் தொடுவது. பிறகு எழுந்து நின்று, ஒரு காலைப் பெரிதாக முன்னால் வைத்து, எதிர்க் கையை வீசி, திரும்பப் பழைய இடத்துக்கு வருவது. ஒவ்வொன்றும் பக்கத்துக்கு எட்டோ பத்தோ முறை. கடைசியாக, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. முடியாவிட்டால் ஊன்றிக்கொள்ளட்டும், நாற்காலிக்கு மேல் ஒரு தடித்த மெத்தையை வைத்து உயரத்தைக் கூட்டிக்கொடுங்கள். இந்தக் கடைசிப் பயிற்சி மட்டும் செய்தாலும் போதும் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அதன்மேல் நம்பிக்கை உண்டு. கழிவறைக்குத் தனியாகப் போகிற சுதந்திரம் அந்தத் தொடைத் தசையில்தான் இருக்கிறது.

ஆனால் இது மட்டும் போதாது. மூச்சு வாங்க வேண்டும். இதைத்தான் குடும்பங்கள் ஏற்றுக்கொள்ளத் தயங்குகின்றன. 2018-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு. நோய் கண்டறியப்பட்டு 5 ஆண்டுக்குள் இருந்த, இன்னும் பார்க்கின்சன் மருந்து தொடங்காத 128 பேர். ஒரு பிரிவினர் டிரெட்மில்லில் உச்ச இதயத் துடிப்பின் 80 முதல் 85 விழுக்காடு வரை போகும் அளவுக்கு வேகமாக நடந்தார்கள். இன்னொரு பிரிவினர் மிதமாக நடந்தார்கள். மூன்றாம் பிரிவினர் வழக்கப்படி இருந்தார்கள். 6 மாதம் கழித்துப் பார்த்தபோது, வேகமாக நடந்தவர்களின் அசைவுக் குறைபாட்டு மதிப்பெண் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. வழக்கப்படி இருந்தவர்களுக்கு 3 புள்ளி மோசமாகியிருந்தது. அடுத்த ஆண்டு நெதர்லாந்தில் 130 பேரை வைத்து நடந்த ஆய்வு வெளியானது. வீட்டிலேயே நிலையான சைக்கிளை வாரம் 3 முறை, 30 முதல் 45 நிமிடம் மிதித்தவர்கள், உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட நன்றாக இருந்தார்கள். அவர்கள் மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள். மருந்தின் வேலை இல்லாத நேரத்தில் அளந்தும் அந்த வித்தியாசம் தெரிந்தது.

உடற்பயிற்சி இந்த நோயைக் குணப்படுத்தும் என்று இதற்குப் பொருள் இல்லை. அழிந்த நரம்பணு திரும்ப முளைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருக்கிற திறனை நீண்ட நாள் வைத்திருக்கலாம், நாள் ஓட்டத்தை இலகுவாக்கலாம். எனக்கு அதுவே பெரிய விஷயமாகத் தெரிகிறது.

அளவு என்ன? வாரத்துக்கு 150 நிமிடம் வரை, மிதமானது முதல் கடுமையானது வரை என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படுவது. அது சென்று சேர வேண்டிய இடம். மூன்று மாதம் உட்கார்ந்தே இருந்தவருக்கு முதல் வாரம் 5 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று வேளை என்று தொடங்கினால் போதும். வாரா வாரம் ஓரிரு நிமிடம் கூட்டுங்கள். வேகத்துக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. மிதிக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. பழகப் பழக, இரண்டு மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கும் அளவுக்கு நடுநடுவே ஏற்றலாம். தொடங்குவதற்கு முன்னால் இதயத்தையும் ரத்த அழுத்தத்தையும் மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள். சில ரத்த அழுத்த மாத்திரைகள் நாடித் துடிப்பை ஏறவிடாது. அவர்களுக்குத் துடிப்புக் கணக்கைவிட இந்தப் பேச்சுக் கணக்குதான் சரி.

உங்கள் அப்பாவுக்கு நான் முதலில் சொல்வது நிலையான சைக்கிள்தான். அதுவும் முதுகுக்குச் சாய்மானம் உள்ள வகை. விழுகிற பயம் இல்லை. இன்னொரு காரணமும் இருக்கிறது. 2010-இல் நெதர்லாந்து நரம்பியல் மருத்துவர் பாஸ் புளூம் 58 வயதுக்காரர் ஒருவரைப் பற்றி எழுதினார். பத்தாண்டுகளாக நோய் உள்ளவர். சில அடி எடுத்துவைப்பதற்குள் கால் ஒட்டிக்கொண்டு விழப்போவார், யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். அதே மனிதர் சைக்கிளில் ஏறியதும் நேராக ஓட்டி, வளைத்துத் திருப்பி, சாதாரணமாகத் திரும்பி வந்தார். இறங்கியதும் மறுபடி கால் உறைந்துவிட்டது. சுழலும் மிதிகட்டையே அடுத்த அசைவுக்குத் தாளம் கொடுத்துவிடுகிறது என்பது ஒரு விளக்கம். அதற்காக உங்கள் அப்பாவைச் சாலையில் சைக்கிள் ஓட்ட அனுப்பிவிடாதீர்கள். நிலையான சைக்கிள் போதும்.

சமநிலைக்குத் தனியாகப் பயிற்சி வேண்டும். நடந்தால் மட்டும் அது வந்துவிடாது. 2012-இல் வெளியான ஆய்வில் 195 பேர் 24 வாரம் பயிற்சி செய்தார்கள். வாரம் இரண்டு முறை, ஒரு மணி நேரம் தை ச்சி என்ற மெதுவான சீன உடற்பயிற்சியைச் செய்தவர்கள், நீட்டி மடக்கும் பயிற்சி செய்தவர்களைவிடக் குறைவாக விழுந்தார்கள். எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மெதுவாக, கவனத்தோடு மாற்றுவதுதான் அதன் சாரம். தை ச்சி கிடைக்காவிட்டால், சமையல் மேடை மாதிரி உறுதியான ஒன்றைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நடப்பது, ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் இன்னொரு பாதத்தை வைத்து நிற்பது, எல்லாத் திசைக்கும் எட்டித் தொடுவது என்று செய்யலாம். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். நடனமும் அருமையான வழி. தாளம் இருக்கிறது, திரும்புதல் இருக்கிறது, கூட ஆள் இருக்கிறார்கள். நியூயார்க்கின் புருக்ளினில் ஒரு நடனக் குழு 2001-இலேயே பார்க்கின்சன் உள்ளவர்களுக்கென வகுப்பு தொடங்கியது. எது சிறந்த பயிற்சி என்று கேட்டால், அடுத்த மாதமும் அவர் செய்யப்போகும் பயிற்சி என்பேன்.

எந்த நேரம் என்பது பார்க்கின்சனில் மிக முக்கியம். மூளைக்குள் போய் டோபமினாக மாறுவது லெவோடோபா. அது வேலை செய்யும் நேரம், இறங்கிவிட்ட நேரம் என்று நாள் இரண்டாகப் பிரியும். மாத்திரை போட்டு எத்தனை நிமிடத்தில் உடல் இலகுவாகிறது, எத்தனை மணிக்கு மறுபடி இறுகுகிறது என்று ஒரு வாரம் குறித்துவையுங்கள். இலகுவாக இருக்கும் நேரத்தில்தான் கடினமான பயிற்சியை வைக்க வேண்டும். இறங்கிய நேரத்தில் நடக்கச் சொல்லி, முடியாமல் போய், 'என்னால ஆகாது' என்று அவர் முடிவு கட்டிவிட்டால் மறுபடி எழுப்புவது கஷ்டம். மாத்திரை வேலை செய்யவில்லை என்று தோன்றினால் உணவு நேரத்தையும் பாருங்கள். புரதம் செரிக்கும்போது வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடலில் ஒரே வாசலுக்குப் போட்டி போடுகின்றன. உணவுக்கு அரை மணி முன்னால் அல்லது ஒரு மணி நேரம் பின்னால் மாத்திரை எடுக்கச் சொல்வது அதனால்தான். வெறும் வயிற்றில் குமட்டுகிறவர்களுக்கு இது ஒத்துவராது, மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். இரும்புச் சத்து மாத்திரையையும் லெவோடோபாவோடு சேர்த்துப் போடக் கூடாது. நீங்கள் குறித்த அந்த ஒரு வாரத் தாளை நரம்பியல் மருத்துவரிடம் காட்டினால், பத்து நிமிடப் பேச்சில் கிடைக்காத தகவல் அவருக்குக் கிடைக்கும்.

இனி, வாசலில் ஒட்டிக்கொள்ளும் கால்.

அந்த நேரத்தில் வீட்டில் எல்லோரும் செய்வது ஒன்றுதான். கையைப் பிடித்து முன்னால் இழுப்பது, "நட, நட" என்று அவசரப்படுத்துவது. இரண்டும் கூடாது. இழுத்தால் உடல் மட்டும் முன்னால் வரும், பாதம் பின்னாலேயே நிற்கும், குப்புற விழுவார். அவசரப்படுத்தினால் பதற்றத்தில் இன்னும் இறுகும். ஒட்டிக்கொண்டதும் முதலில் நிற்க வேண்டும். முழுதாக நிற்க வேண்டும். நிமிர்ந்து ஒரு மூச்சு விட வேண்டும். பிறகு எடையை இடப் பக்கம், வலப் பக்கம் என்று நின்ற இடத்திலேயே ஆட்டி, ஒரு காலில் முழு எடையும் வந்ததும் மற்றக் காலைப் பெரிதாக, குதிகால் முதலில் படும்படி எடுத்துவைக்க வேண்டும். பக்கத்தில் நிற்கிறவர் தன் பாதத்தை அவர் பாதத்துக்குக் குறுக்கே, ஓர் அடி தள்ளி வைத்து "இதைத் தாண்டுங்க" என்று சொன்னால் பலருக்கு உடனே கால் எழும். தாண்டியதும் உங்கள் பாதத்தை எடுத்துவிடுங்கள்.

குளியலறை வாசலுக்கு இரண்டு அடி முன்னாலிருந்து உள்ளே இரண்டு அடி வரை, தரையின் நிறத்துக்கு எதிரான நிறத்தில் ஒட்டுநாடாவைக் குறுக்குக் கோடுகளாக ஒட்டுங்கள். கோட்டுக்குக் கோடு அவருடைய நல்ல அடியின் நீளம் இருக்கட்டும். காகிதம் போல நழுவுவதாக இருக்கக் கூடாது, ஓரம் பிரிந்து காலில் சிக்கவும் கூடாது. கோட்டை மிதிக்கச் சொல்லாதீர்கள், தாண்டச் சொல்லுங்கள். ஒரு பெரியவர், வாசலில் நின்றால் சில நிமிடம் கல் மாதிரி நிற்பார். மகன் ஐந்து கோடு ஒட்டினார். அன்று மாலை அவர் அந்த ஐந்தையும் ஒவ்வொன்றாகத் தாண்டி உள்ளே போய், திரும்பிப் பார்த்து, மறுபடி வெளியே வந்து, இன்னொரு முறை உள்ளே போனார். தேவை எதுவும் இல்லை. போக முடிகிறது என்பதற்காகவே போனார். எண்ணுவதும், சீரான தாளத்தில் 'டிக் டிக்' என்று ஒலிக்கும் மெட்ரோனோம் கருவியும், மனதுக்குள் ஒரு பாட்டைத் தாளத்தோடு ஓட்டுவதும் இதே வேலையைச் செய்யும். ஒருவருக்குக் கோடு, ஒருவருக்கு எண், ஒருவருக்குத் தாளம். எது பலிக்கிறது என்று செய்துதான் பார்க்க வேண்டும். இவ்வளவும் செய்தும் பலிக்காத நாட்களும் உண்டு. உறைந்து நிற்பது மாத்திரை இறங்கும் நேரத்திலேயே வருகிறதா என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள், வேளையை மாற்றினால் குறையலாம்.

விழுவது பெரும்பாலும் நேராக நடக்கும்போது நடப்பதில்லை. திரும்பும்போதும், பின்னால் எட்டு வைக்கும்போதும், இரண்டு வேலையை ஒன்றாகச் செய்யும்போதும்தான். நின்ற இடத்திலேயே சுழலாமல், அகலமான வளைவில், ஒவ்வோர் அடியாக எடுத்துத் திரும்பப் பழக்குங்கள். கதவைத் திறக்கும்போது பக்கவாட்டில் நிற்கட்டும். நடக்கும்போது கையில் தண்ணீர் டம்ளர் வேண்டாம், கைப்பேசி வேண்டாம், பின்னாலிருந்து கூப்பிடவும் வேண்டாம். நடையே இப்போது அவருக்குக் கவனம் வைத்துச் செய்யும் வேலை. அந்தக் கவனத்தை நாம் பறித்தால் நடை நின்றுவிடும். படுக்கையிலிருந்து எழுந்ததும் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, காலை ஆட்டிவிட்டு எழட்டும். ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கித் தலை சுற்றுவது இந்த நோயிலும் உண்டு, அதன் மருந்துகளாலும் வரும். தரைவிரிப்பு, மின்கம்பி, மங்கலான விளக்கு எல்லாம் உங்களுக்கே தெரியும், அகற்றிவிடுங்கள்.

நாற்காலியிலிருந்து எழ முடியாதபோது தோளுக்கடியில் கை கொடுத்துத் தூக்காதீர்கள், அவர் தோளும் உங்கள் இடுப்பும் போய்விடும். நுனிக்கு நகர்வது, பாதத்தை முழங்காலுக்குப் பின்னால் இழுத்துக்கொள்வது, மூக்கு கால்விரலுக்கு மேல் வரும் அளவுக்குக் குனிவது, 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்று எழுவது. இந்த நான்கையும் அவரே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு செய்தால் பெரும்பாலும் உதவி தேவைப்படாது.

இப்போது கஷ்டமான பகுதி. "சொன்னா செய்ய மாட்டேங்கறார்" என்பதுதான் வீடுகளில் அதிகம் கேட்கும் புகார். அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு காரியத்தைத் தொடங்குவதற்கான உந்துதலையும் டோபமின்தான் தருகிறது. அது குறைந்தால் விருப்பம் இருந்தாலும் தொடக்கம் வராது. மனச்சோர்வும் பதற்றமும் இந்த நோயின் பகுதிகள். சிலருக்கு நடுக்கம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்னாலேயே அவை வந்துவிடுகின்றன. முகத்தில் உணர்ச்சி தெரியாததால் அவர் கோபமாக இருப்பதாகவோ, நம்மேல் அக்கறை இல்லாததாகவோ தோன்றும். உள்ளே அப்படி இருக்காது. சிரிக்கிறாரா என்று முகத்தில் தேடாதீர்கள், வாய்விட்டுக் கேளுங்கள். மனச்சோர்வுக்குச் சிகிச்சை இருக்கிறது. நரம்பியல் மருத்துவரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள், அவர்களாகக் கேட்காமல் விட்டுவிடலாம். தொடக்கம் வராத ஒருவருக்கு 'எப்போ வேணா செய்யுங்க' என்பது உதவாது. ஒரே நேரம், ஒரே இடம், கூட ஓர் ஆள். நீங்களும் பக்கத்தில் நின்று கையை விரியுங்கள். குழுவாகச் செய்யும் வகுப்பு இருந்தால் இன்னும் நல்லது. தன்னைப் போல் இன்னொருவரின் காலும் ஒட்டிக்கொள்வதைப் பார்த்ததும் முகம் தெளிந்தவர்கள் பலர்.

எல்லாவற்றையும் நீங்களே செய்து கொடுப்பதை நிறுத்துங்கள். அன்பால் செய்கிறீர்கள் என்று தெரியும். ஆனால் சட்டைப் பொத்தான் போடுவது விரலுக்குப் பயிற்சி, துணி மடிப்பது தோளுக்குப் பயிற்சி. பொத்தான் போட அவருக்குப் பத்து நிமிடம் ஆகிறதென்றால், பத்து நிமிடம் முன்னதாகத் தொடங்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு காரியத்தை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டால் அதைத் திருப்பிக் கொடுப்பது மிகக் கடினம். எனவே இந்த வாரம் ஒன்றே ஒன்றைத் திருப்பிக் கொடுங்கள். எதை என்று அவரே சொல்லட்டும்.

குரலுக்கும் பயிற்சி இருக்கிறது. அமெரிக்காவில் லீ சில்வர்மன் என்ற பெண்மணியின் பெயரில் 1987-இல் உருவான முறை ஒன்று, 'உரக்க' என்ற ஒரே இலக்கை வைத்து நான்கு வாரம், வாரம் நான்கு நாள், ஒரு மணி நேரம் பயிற்சி தருகிறது. அதில் பயிற்சி பெற்ற பேச்சுச் சிகிச்சையாளர் கிடைத்தால் தவறவிடாதீர்கள். கிடைக்கும்வரை தினமும் சில நிமிடம், அடுத்த அறையில் இருப்பவருக்குக் கேட்கும்படி உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். விழுங்கும்போது அடிக்கடி இருமினாலோ, சாப்பிட்டபின் குரல் கரகரத்து ஈரமாகக் கேட்டாலோ தாமதிக்காமல் காட்டுங்கள். உணவு மூச்சுக்குழாயில் போய் நுரையீரலில் சளி கட்டுவது இந்த நோயில் உயிருக்கே ஆபத்தாகலாம்.

சில எச்சரிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன். நன்றாக இருக்கிறது என்று லெவோடோபாவைத் திடீரென நிறுத்தக் கூடாது. கடும் விறைப்பும் காய்ச்சலும் வந்து மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாகிவிடும். குமட்டலுக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடு, புரோகுளோர்பெரசின், குழப்பத்துக்குத் தரும் ஹாலோபெரிடால் ஆகியவை டோபமினைத் தடுப்பவை, பார்க்கின்சனை மோசமாக்கும். வேறு எந்த நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்தாலும் இதையும் மாத்திரை வேளையையும் ஒரு தாளில் எழுதிக் கையோடு கொடுங்கள். இரண்டு மூன்று நாளில் திடீரென்று எல்லாம் மோசமானால் நோய் முற்றிவிட்டதென்று முடிவு கட்டாதீர்கள். சிறுநீர்த் தொற்று, நெஞ்சுச் சளி, மலச்சிக்கல், புதிய மருந்து, இவற்றில் ஒன்று பின்னால் இருக்கும் வாய்ப்பு அதிகம். பயிற்சியின்போது நெஞ்சுவலி, மயக்கம் வந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும்.

அம்மாவைப் பற்றி. இரவில் எத்தனை முறை எழுகிறார் என்று அவரிடம் கேளுங்கள். பார்க்கின்சன் உள்ளவருக்குப் படுக்கையில் புரள்வது கடினம், கனவில் கை கால் வீசுவார்கள், சிறுநீர் கழிக்க எழுவார்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் படுத்திருப்பவர்தான் விழிக்கிறார். அம்மா தூங்காமல் இருக்கும் வீட்டில் அப்பாவின் பயிற்சி இரண்டு வாரம்கூட ஓடாது. இடுப்புப் பகுதியில் வழுவழுப்பான துணியை விரித்துக் கொடுத்தால் புரள்வது இலகுவாகும், ஆனால் ஓரத்தில் உட்காரும் இடத்தில் அது வேண்டாம், வழுக்கிவிடும். கனவில் அடிப்பது இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அதற்கும் மருந்து உண்டு. வாரத்தில் இரண்டு இரவாவது வேறொருவர் அப்பாவின் அறையில் படுக்கட்டும். அந்த இரண்டு இரவும் அம்மா வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும்.